அவரவர் வாய், அவரவர் சீட்டு

சமையலறை வாசலுக்குக் குறுக்கே அயன் பண்ணும் மேசையை விரித்துப் போட்டு, அதற்குப் பின்னால் உயரமான முக்காலியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார் அன்ரனிற்றா அக்கா. மூக்குக் கண்ணாடி நுனிமூக்கில் நிற்கிறது. முன்னால் தேநீர்க் கேத்தலும் ஒரு தட்டு உளுந்து வடையும். சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் வீட்டுக்குப் போகிற எவருக்கும் தேநீர் இந்த மேசையைத் தாண்டித்தான் வரும். வரிசையில் நிற்க வேண்டும். முகத்தைப் பார்த்து, ஜெர்மன் மொழியில், வாய் திறந்து கேட்க வேண்டும். விரலைக் காட்டினால் வடை கிடையாது.

"இப்ப நான் ரெலிபோன் கதைச்சுக்கொண்டிருக்கிற மனுசி," என்று அறிவித்துவிட்டுத் தோளுக்கும் காதுக்கும் நடுவே ஓர் அகப்பையைச் செருகிக்கொள்கிறார். அடுத்த ஆள் வந்ததும் அகப்பை போய்விடுகிறது. "இப்ப நான் நிமிந்து பாக்காத மனுசி." அதற்கும் அடுத்தவருக்கு வேறொருத்தி வருகிறாள். "இவ நல்லவ. சிரிப்பா. ஆனா எங்களைக் கண்டவுடன செவிடெண்டு நினைச்சுக் கத்துவா. உவவிட்டத்தான் கனக்கக் கவனம்." முப்பத்தைந்து வருடங்களில் ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்து அலுவலகக் கண்ணாடி யன்னல்களுக்குப் பின்னால் பார்த்த முகங்கள் அத்தனையும் அவரிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கழுத்து வேறு, இமை வேறு.

வரவேற்பறையிலிருந்து அவருடைய கணவர் ஜேசுரட்ணம் அண்ணை கோப்பையோடு எழுந்து வருகிறார்.

"கால் மணித்தியாலமா நிக்கிறன். உந்தக் கந்தோர் எப்ப திறக்கும்?"

"பின்னுக்குப் போங்கோ. உங்களுக்கு முன்னால ரெண்டு பேர்."

"நான் கட்டின மனுசனப்பா."

"அதுக்கு அத்தாட்சிக் கடதாசி இருக்கோ?"

அண்ணை பின்னுக்குப் போகிறார். முறை வந்ததும் முறைப்படி கேட்டு, ஒரு வடை கூடுதலாக வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

அன்ரனிற்றா அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. பேசாலையில் பிறந்தவர். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இது இருபத்தாறாவது வருடம். அவருடைய ஜெர்மன் மொழி வகுப்பில் படித்ததல்ல. தொண்ணூறு வயதுப் பாட்டிமாருக்குக் கஞ்சி ஊட்டும்போது அவர்கள் வாயிலிருந்து எடுத்தது. அதனால் அதில் ஒரு பழைய மரியாதை இருக்கிறது. முப்பது வயது வைத்தியர்கள் அவர் பேசத் தொடங்கியதும் தம்மை அறியாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த மொழியோடு அவர் இங்கே உள்ள எங்கள் ஆட்களுக்கெல்லாம் வாயாக இருந்தார். பிள்ளைப்பேற்று அறைக்குள் போனார். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் இருந்தார். வாடகை வீட்டுச் சொந்தக்காரன் குளிருக்குச் சூடு போடவில்லை என்று சண்டை பிடித்தார். பல் வைத்தியரிடம், வலிப்பது இந்தப் பல் அல்ல, பக்கத்துப் பல் என்று இன்னொருத்தியின் வாயைக் காட்டி வாதாடினார். காசு வாங்கியதில்லை. ஆனால் வழியில் ஓயாமல் திட்டுவார்.

யன்னல்களுக்கு முன் நிற்பதற்கு அவருக்கென்று ஒரு முறை உண்டு. கண்ணாடியில் வெட்டியிருக்கும் ஓட்டைக்குக் குனிய மாட்டார். நிமிர்ந்தே நிற்பார். உள்ளே இருப்பவர்தான் தலையைத் தூக்க வேண்டும். வணக்கம் சொன்ன பிறகு, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்கும்வரை அடுத்த சொல் வராது. கையில் எதையும் வைத்திருக்க மாட்டார். "கையில கடதாசி இருந்தா அவன் கடதாசியைத்தான் பாப்பான். உன்னைப் பாக்க மாட்டான். கடதாசி பைக்குள்ள கிடக்கட்டும். முதல்ல நீ ஒரு ஆள் எண்டு அவனுக்குத் தெரியோணும்."

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாரிகாலத்தில் அவருக்குக் கழுத்தில் தைரொயிட் சத்திரசிகிச்சை நடந்தது. பத்து நாட்கள் குரலை வருத்தக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்தப் பத்து நாட்களில் வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஜேசுரட்ணம் அண்ணை எடுத்து, "அவ கதைக்க மாட்டா," என்று சொல்ல, மறுமுனையில் இருந்தவர்கள் புருசன் பெண்சாதிக்குள் ஏதோ கோபம் என்று நினைத்தார்கள்.

எட்டாம் நாள் புஷ்பா வந்தார். என் வயதை ஒத்தவர், இப்போது ஐம்பத்தேழு. அவருக்கு அன்று காலை வைத்தியரிடம் ரெர்மின், அதாவது மூன்று மாதத்துக்கு முன்பே குறித்து வாங்கிய நேரம். தனியாகத்தான் போயிருக்கிறார். காத்திருக்கும் அறையில் இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறார். பெயரைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டதும் விழுந்தது. எழும்பவில்லை. எழும்பினால் உள்ளே என்ன கேட்பார்களோ என்று அப்படியே இருந்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்ரனிற்றா அக்கா ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார்: "என்ர வாயை மூடினா நீங்கள் எல்லாரும் ஊமையோ?"

குரல் திரும்பிய முதல் சனிக்கிழமை அயன் மேசை வாசலுக்கு வந்தது. அடுத்த மாதம் எங்களைப் பழைய கோட்டைகள் பார்க்கக் கூட்டிப் போகத் தொடங்கினார்.

ஏன் கோட்டை என்று கேட்டவர்களுக்கு அவர் சொல்லும் நியாயம் இது. வைத்தியரிடம் போய்ப் பேசிப் பழக ஏலாது. அங்கே பிழையாகச் சொன்னால் பிழையான மருந்து. அலுவலகத்தில் பழக ஏலாது. அங்கே பிழையாகச் சொன்னால் விண்ணப்பம் திரும்பி வரும். பழகுவதற்குப் பயமில்லாத ஒரு கவுண்டர் வேண்டும். "கோட்டை வாசல்ல பிழையாக் கேட்டா என்ன நடக்கும்? கோட்டை பாக்க ஏலாது. பாக்காட்டி ஆருக்கு நட்டம்? அவ்வளவுதான்."

இந்த நியாயத்துக்கு அடியில் ஒரு பழைய நாள் இருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டு அவர் வந்து சேர்ந்த அகதி விடுதியின் யன்னலில் இருந்து பார்த்தால் தூரத்து மலையில் ஒரு சிறிய கோட்டை தெரியும். அது அடுத்த மாவட்டம். மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று அவருடைய கடதாசியில் முத்திரை குத்தியிருந்தது. ஒருமுறை அறியாமல் பேருந்தில் எல்லையைத் தாண்டிப் பிடிபட்டு, ஒரு மாதக் கைச்செலவைத் தண்டமாகக் கட்டினார். ஐந்து வருடம் கழித்து அந்த முத்திரை இல்லாத கடதாசி கையில் வந்ததும் அவர் போன முதல் இடம் அந்தக் கோட்டைதான். கடதாசிகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாராம்.

"யன்னலுக்குள்ள ஒரு பெட்டை இருந்தவள். பையைத் திறக்கப் போறன், அவள் கேக்கிறாள், 'ஒண்டோ?' எண்டு. ஓம், ஒண்டு. கிழிச்சுத் தந்தாள். பாஸ்போட் கேக்கேல்லை. கைநாட்டுக் கேக்கேல்லை. ஏன் வந்தனீ எண்டு கேக்கேல்லை. நான் கொஞ்சநேரம் அங்கயே நிண்டனான், இன்னும் ஏதும் கேப்பாளெண்டு. 'உள்ளுக்குப் போகலாம்' எண்டாள்."

இதைச் சொல்லும்போது அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்துவதில்லை.

கோட்டைக்குள் அவர் நடந்துகொள்ளும் விதம் தனி. அரசன் படுத்த கட்டில், அரசி முகம் பார்த்த கண்ணாடி எதையும் நின்று பார்க்க மாட்டார். நேரே சமையலறைக்குப் போவார். அடுப்புக்குள் தலையை நீட்டிப் புகைபோக்கியை அண்ணாந்து பார்ப்பார். கல் மேசையின் உயரத்தைத் தன் இடுப்போடு ஒப்பிட்டு, "குனிஞ்சு வெட்டி முதுகு முறிஞ்சிருக்கும், பாவியள்," என்பார். இத்தனை பேருக்குச் சமைத்த கழிவுநீர் எந்தப் பக்கத்தால் போனது என்று வழிகாட்டியைக் கேட்பார். பல வழிகாட்டிகளுக்கு அது தெரியாது. தெரிந்தவர் கிடைத்தால் அன்று முழுவதும் அவரைப் புகழ்வார்.

அதுவரை எங்கள் ஆட்களுக்குக் கோட்டை என்றால் வாகனத் தரிப்பிடம்தான். போவோம். வாசலில் எல்லோரும் நெருக்கி நின்று படம் எடுப்போம். வாகனத்தின் பின்கதவைத் திறந்து புளிச்சாதமும் கோழிப் பொரியலும் சாப்பிடுவோம். திரும்பி வருவோம். பழைய கட்டடத்தைப் பார்க்கச் சீட்டு வாங்குவது எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. விடுமுறை என்றாலும் அப்படித்தான். பாரிசுக்குப் போனால் அண்ணன் வீடு, லண்டனுக்குப் போனால் மச்சாள் வீடு, சூரிச்சில் ஒரு சாமத்தியச் சடங்கு. இத்தனை நாடுகள் போயும் நாங்கள் பார்த்ததெல்லாம் சொந்தக்காரரின் சோபாக்கள்தான்.

அக்காவின் கூட்டத்தில் நாங்கள் ஆறு பெண்கள். அக்கா, புஷ்பா, எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் சந்திரகாந்தி, எங்கே போனாலும் ஒரே நிறக் கோட்டில் வரும் இரு சகோதரிகள், நான். சட்டம் ஒன்றுதான். அவரவர் சீட்டை அவரவர் வாயால் வாங்க வேண்டும். இரண்டு வருடத்தில் நான்கு பேர் தேறிவிட்டோம். சந்திரகாந்தி யன்னலுக்குள் இருப்பவருக்குக் காலநிலை பற்றி ஆறுதல் சொல்லும் அளவுக்குப் போய்விட்டார்.

புஷ்பா மட்டும் தேறவில்லை. எப்போதும் கடைசியில் நிற்பார். முன்னால் ஐந்து பேர் ஒரே சீட்டை வாங்கிய பிறகு, ஆறாவதாக வரும் சேலை கட்டிய பெண்ணுக்கும் அதுதான் வேண்டும் என்று யன்னலுக்குள் இருப்பவருக்குத் தெரியாதா? புஷ்பா ஒரு விரலைக் காட்டுவார். சீட்டு வந்துவிடும். அக்கா பல்லைக் கடிப்பார்.

புஷ்பா பத்தொன்பது வருடமாக ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை செய்கிறார். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் நாள் முழுவதும் உருளைகளில் ஓடிக்கொண்டிருக்கும் இடம். அந்த இரைச்சலில் முதலாளிகூடக் கையால்தான் பேசுவார். பக்கத்தில் நிற்பவர்களும் தமிழ்ப் பெண்கள் அல்லது குர்திஷ் பெண்கள். வீட்டில் கணவர் பேசினார். அவர் போன பிறகு மகன் உதய் பேசினான். புஷ்பாவுக்கு ஜெர்மன் மொழி தேவைப்பட்ட நேரத்திலெல்லாம் பக்கத்தில் யாராவது நின்றார்கள். பெரும்பாலும் அன்ரனிற்றா அக்கா.

இந்த வருடம் உதய்க்குத் தெற்கே, தூரத்து நகரமான டார்ம்ஸ்டாட்டில் நல்ல வேலை கிடைத்தது. ஒக்டோபரில் போக வேண்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவெடுத்தான். வீட்டைக் காலி செய்யும் கடிதம் எழுதியாயிற்று. ஜூலை மூன்றாம் திகதிக்குள் அது வீட்டுச் சொந்தக்காரருக்குப் போய்ச் சேர வேண்டும். ஒப்பந்தம் புஷ்பாவின் பெயரில் இருந்ததால் அவருடைய கையெழுத்து மட்டும் மிச்சம்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை உதய் தாயைக் கூட்டிப் போக வந்தபோது அயன் மேசைக்கு முன்னால் நின்று நியாயம் சொன்னான்.

"அன்ரி, நான் என்ன விருப்பத்திலயோ கூட்டிக்கொண்டு போறன்? இஞ்ச தனிய விட்டா அம்மா என்ன செய்வா? ஒரு ரெர்மின் வைக்கத் தெரியாது. ஆரும் பெல் அடிச்சாலும் கதவைத் திறக்க மாட்டா."

"அங்க நீ வேலைக்குப் போனாப் பிறகு ஆர் பெல் அடிக்கிறது?"

"பின்னேரம் நான் வந்திடுவன்தானே."

"அப்ப காலமையில இருந்து பின்னேரம் வரைக்கும் அவ சுவரைப் பாத்துக்கொண்டிருக்கட்டும், என்ன? இஞ்ச அவளுக்கு வேலை இருக்கு. நாங்கள் இருக்கிறம். கொம்மா வாறனெண்டு சொன்னவவோ?"

உதய் தாயைப் பார்த்தான். புஷ்பா வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டனெண்டும் சொல்லேல்லை, அன்ரி."

அது உண்மை. மகன் கெட்டவனல்ல. தகப்பன் இறந்த நாளிலிருந்து தாயின் ஒவ்வொரு கடிதத்தையும் திறந்து படித்துப் பதில் எழுதியவன். அவனிடம் மாட்டேன் என்று சொல்ல, தனியாக இருக்க முடியும் என்பதற்குப் புஷ்பாவின் கையில் ஓர் ஆதாரமும் இல்லை. அன்று மாலை, உதய் தொலைபேசியில் பேசியபடி முன்னால் போக, என்னோடு பேருந்துக்கு நடந்து வரும்போது மட்டும் மெல்லச் சொன்னார்: "அங்க போனா நான் அவனுக்கும் பாரம், எனக்கும் பாரம். ஆனா எப்பிடி வாயைத் திறந்து சொல்லுறது?"

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு கோட்டை முற்றத்தில் ஓர் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றிருந்தோம். மேலே ஜெர்மன், கீழே சிறிய எழுத்தில் ஆங்கிலம். புஷ்பா சந்திரகாந்தியிடம் மெல்ல, "இந்தப் பக்கம் ஒருக்கா நெருப்புப் பிடிச்சதாம், பேந்து கட்டினவையாம்," என்றார். அக்கா திரும்பினார்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"இதில கிடக்கு. இங்கிலிசில."

"உனக்கு இங்கிலிசு வாசிக்கத் தெரியுமோ?"

கலியாணம் முடித்து இங்கே வருவதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் பதினான்கு மாதம் ஆங்கிலத் தட்டச்சு வேலை செய்தவராம் புஷ்பா. முப்பது வருடத்தில் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்ரனிற்றா அக்கா அதற்குப் பிறகு அந்தக் கோட்டையின் சமையலறைக்குக்கூடப் போகவில்லை. ஒரு வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டார். கால் மணி நேரத்தில் திட்டம் தயார்.

"ஸ்கொட்லாந்துக்குப் போவம்."

"லண்டன் கிட்ட. மச்சாளும் நிக்கிறா," என்றார் சந்திரகாந்தி.

"அதுதான் லண்டன் வேண்டாமெண்டுறன். மச்சாள் சோத்தைப் போட்டு இருத்தி வைச்சிடுவா. சொந்தக்காரர் இல்லாத ஊர் வேணும்."

"கிளாஸ்கோவில என்ர பெரியப்பான்ர மோளின்ர குடும்பம்..."

"அவைக்கு ஒரு ரெலிபோன் எடுத்தியோ, உன்னை அங்கயே விட்டிட்டு வந்திடுவன்."

பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். "ஜெர்மன்காரனிட்ட எனக்கு வாய் இருக்கு. நான் பக்கத்தில நிண்டா அவள் கதைக்க மாட்டாள். எனக்கே வாய் இல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகோணும். எனக்கு இங்கிலிசில தெரிஞ்சது சொறியும் தாங்யூவும். ரெண்டும் கவுண்டரில போன உடன சொல்லக் கூடாத சொல்லு."

உதயிடமும் அவரே பேசினார். அவன் சிரித்தான். "சரி அன்ரி, அம்மா ஒருத்தரின்ர உதவியும் இல்லாம அங்க ஒரு ரிக்கற் வாங்கட்டும். கடிதத்தைப் பற்றிப் பேந்து கதைப்பம்." சிரித்துக்கொண்டே சொன்னாலும், பயணத்துக்கு வேண்டிய அனுமதியை இணையத்தில் நிரப்பியவன் அவன்தான். தாய்க்கு மழைக்கோட்டு வாங்கியதும் அவன்தான்.

எடின்பரோவில் இருக்கும் பெரிய கோட்டை வேண்டாம் என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். அங்கே கோடைகாலத்தில் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கி வைப்பது நல்லது என்று உதய் சொன்னதுதான் காரணம். "இணையத்தில எண்டா பிள்ளையள் வாங்கும். பிள்ளையள் வாங்கினா அது பிள்ளையளின்ர கோட்டை." நகரத்திலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம் வடக்கே, கடலோரப் பாறையின் மேல் இருக்கும் ஒரு சிறிய கோட்டையைத் தேர்ந்தெடுத்தார். அங்கே இன்னும் ஒரு மரக் கூண்டுக்குள் ஒரு மனுசி இருந்து சீட்டு விற்கிறாள் என்பதைப் படத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

ஜூன் மாதம் மூன்றாம் கிழமை போனோம். விமான நிலையத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜெர்மன் கடவுச்சீட்டை வைத்ததும் இயந்திரம் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறந்தது. புஷ்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "எல்லாம் உப்பிடி மெசினா இருந்தா எவ்வளவு நல்லம்," என்றார். அக்கா இயந்திரத்தை முறைத்துவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை பேருந்தை விட்டு இறங்கியதும் காற்று எங்களைப் பின்னுக்குத் தள்ளியது. அப்படி ஒரு காற்று. சகோதரிகள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கீழே கடல் பாறையில் அடித்துக்கொண்டிருந்தது. கோட்டைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் தொடக்கத்தில் அந்த மரக் கூண்டு. அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம், அவர்களுக்குப் பின்னால் நாங்கள்.

"இண்டைக்குப் புஷ்பா முன்னுக்கு," என்றார் அக்கா. "கடைசியில நிண்டு விரல் காட்டுற வேலை இல்லை."

"அக்கா, ஏலாது."

"நடு ரோட்டில நிண்டு ஏலாது எண்டு சொல்லாதை. அங்க போய்ச் சொல்லு. இங்கிலிசில சொல்லு."

குடும்பம் நகர்ந்தது. யன்னலுக்குள் பச்சைச் சட்டை போட்ட, நரை விழுந்த ஒரு பெண் இருந்தார். புஷ்பாவைப் பார்த்து, அவருக்குப் பின்னால் தலையை மூடிக்கட்டிக்கொண்டு நின்ற எங்கள் ஐந்து பேரையும் பார்த்து, ஏதோ கேட்டார். ஸ்கொட்லாந்துக்காரரின் ஆங்கிலம் உருண்டு புரண்டு வந்தது. நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் வந்தோமா என்று கேட்கிறார் என்பது கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த எனக்கே இரண்டாம் தடவை யோசித்த பிறகுதான் விளங்கியது. கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

புஷ்பா, முப்பது வருடப் பழக்கத்தில், திரும்பி அன்ரனிற்றா அக்காவைப் பார்த்தார்.

அக்காவின் வலது கால் முன்னால் வந்துவிட்டது. தோள் சரிந்துவிட்டது. ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன, ஜெர்மன் மொழியிலாவது ஏதாவது சொல்லிவிடுவார் என்பது அந்தத் தோளைப் பார்த்த எனக்குத் தெரியும். வாய் திறந்தும்விட்டது. அடுத்த நொடியில் அவர், சந்திரகாந்தி கையில் வைத்திருந்த சாப்பாட்டுப் பெட்டிக்குள் கையை விட்டு, அவித்த முட்டை ஒன்றை எடுத்து முழுசாக வாய்க்குள் தள்ளினார். தள்ளிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புஷ்பாவுக்கு முன்னால் அக்காவின் முதுகு மட்டும் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நானும் கடலைப் பார்த்தேன்.

"ஸ்லோலி, பிளீஸ்," என்று ஒரு குரல் கேட்டது. யாருடையது என்று ஒரு கணம் தெரியவில்லை.

பச்சைச் சட்டைப் பெண் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பக் கேட்டார்.

ஓம், ஒன்றாகத்தான் வந்தோம் என்றார் புஷ்பா. ஆறு பேர். அதில் நாலு பேருக்கு அறுபது வயதுக்கு மேல். தட்டச்சு இயந்திரத்தில் எழுத்துகள் விழுவது போல, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, அழுத்தமாக விழுந்தது.

"அறுபதெண்டு ஏன் ஊருக்கெல்லாம் சொல்லுறாள்?" என்று சந்திரகாந்தி முணுமுணுத்தார்.

யன்னலுக்குள் இருந்த பெண் இன்னொன்று சொன்னார். காற்று பலமாக இருப்பதால் இன்று கோபுரத்துக்கு ஏற விட மாட்டார்கள். சீட்டின் விலை குறையாது. அப்படியும் உள்ளே போக விருப்பமா?

இது அயன் மேசையில் யாரும் பழகாத கேள்வி. கேட்டதற்குப் பதில் சொன்னால் போதாது, ஆறு பேருக்காக ஒரு முடிவெடுக்க வேண்டும். காற்றில் புஷ்பாவின் கழுத்துத் துணி பறந்து முகத்தில் அடித்தது. அவர் அதை இழுத்துவிட்டுக்கொண்டார். இம்முறை திரும்பவில்லை.

"கிச்சின் திறந்திருக்கோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்தப் பெண்ணுக்கு அது புதிய கேள்வி போலும். சமையலறையா என்று திருப்பிக் கேட்டார். ஓம், சமையலறைதான் என்றார் புஷ்பா. திறந்திருக்கிறது, ஒரு முழு மாட்டையே வாட்டும் அடுப்பு இருக்கிறது என்றார் அவர். கழிவுநீர் போகும் வழி? அதுவும் தெரியும், கடலுக்குள் விழும் கல் வாய்க்கால் இருக்கிறது.

"அப்ப சரி. ஆறு," என்றார் புஷ்பா.

கடல் பக்கம் திரும்பி நின்ற அக்காவின் தாடை அசைவது நின்றது. 'கிச்சின்' அவருக்குத் தெரியாத சொல் அல்ல.

சீட்டுகளை அச்சடிக்கும்போது அந்தப் பெண் ஒரு குறிப்பேட்டை இழுத்து வைத்துக்கொண்டு, வருகிற எல்லோரிடமும் கேட்பது, கணக்கெடுப்புக்காக, எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். ஜெர்மனி என்றார் புஷ்பா. எந்த ஊர்?

புஷ்பா குறிப்பேட்டின் மேல் தயாராக நின்ற பேனையைப் பார்த்தார்.

பீலெஃபெல்ட், என்றார் புஷ்பா. அந்தப் பெண் எழுதத் தொடங்கினார். அவர் கேட்காமலேயே புஷ்பா தொடர்ந்தார். நான் அங்கேதான் இருக்கிறேன். இனியும் அங்கேதான் இருப்பேன். அந்தப் பெண் நிமிர்ந்து, அப்படியா, நல்ல ஊரா என்று கேட்டார். மழை அதிகம் என்றார் புஷ்பா. இருவரும் சிரித்தார்கள்.

எங்களில் யாரும் சிரிக்கவில்லை. சந்திரகாந்தி கிட்டப் போய், நக்கல் ஏதுமில்லாத குரலில், "உதயிட்ட ஆர் சொல்லுறது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் புஷ்பா. யன்னலிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

சீட்டுகள் வந்தன. புஷ்பா அவற்றை வாங்கி ஒவ்வொருவராக எங்களிடம் தந்தார். சகோதரிகளுக்கு இரண்டு, சந்திரகாந்திக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கடைசியாக அக்காவிடம் வந்து நின்றார். அவரவர் வாயால் அவரவர் சீட்டு என்ற சட்டம் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நீட்டிய கை பாதி வழியில் தயங்கியது.

அக்காவின் வாய் நிறைய இன்னும் முட்டை. சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது, கண்ணில் தெரிந்தது. கையுறைகளைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு ஒரு கையின்மேல் மற்றக் கையை விரித்து, ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க நீட்டுவது போல, புஷ்பாவுக்கு முன்னால் நீட்டினார்.